எறும்புக்குருவி, எறும்புதொடர் பறவை: இரண்டு சொல்லும் வேண்டும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

வணக்கம் ஐயா. 'ஆன்ட்பேர்ட்' என்ற பறவைக் குடும்பத்துக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் முன்வைத்த 'எறும்புண்ணிக் குருவி' பொருந்தவில்லை. எறும்புண்ணி என்றால் உடலெங்கும் செதிலுள்ள அழுங்கு என்ற விலங்குதான் நினைவுக்கு வரும். தவிர, இந்தப் பறவைக்கு எறும்பு முக்கிய இரையே அல்ல. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில், பெருங்கூட்டமாகச் சென்று வேட்டையாடும் படையெறும்புகள் சருகின்மேல் பல மீட்டர் அகலத்துக்கு விரிந்து வரும்போது, தப்பி ஓடும் வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தியைத்தான் பிடிக்கிறது. ஏருக்குப் பின்னால் மைனா வருவதுபோல.

குடும்பத்துக்கு 'எறும்புக்குருவி', பழக்கத்துக்கு 'எறும்புதொடரி' எனப் பிரிக்கலாம். குடும்பத்தில் 230-க்கு மேற்பட்ட இனங்கள். எறும்புப் படையையே நம்பி வாழ்பவை இருபதுக்கும் குறைவு. வேறு குடும்பப் பறவைகள் சிலவும் படையைத் தொடர்கின்றன. ஒரே சொல் வைத்தால் களக்குறிப்பு முழுக்கத் தப்பாகிவிடும்.

தருமபுரியிலிருந்து:

அழுங்கு பற்றிச் சொன்னது சரி தம்பி, என் சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் 'தொடரி' முட்செடியின் பெயர். ரயிலுக்கும் அப்படி எழுதுகிறார்கள். 'எறும்புதொடர் பறவை' நீளம்தான், குழப்பமில்லை.

படையெறும்புகளின் தற்காலிகத் தங்கிடமான 'பிவாக்' என்பதற்குக் 'கூடாரம்' வேண்டாம், 'கிடை' என்போம். எறும்புகள் ஒன்றையொன்று பற்றித் தொங்கி, தம் உடலாலேயே கட்டும் தங்கிடம் அது. பர்ச்செல் படையெறும்பு என்ற இனம் சுமார் 15 நாள் பெரும்பாலும் இரவுதோறும் கிடை மாற்றும். பிறகு சுமார் 20 நாள் ஒரே இடம், அப்போது வேட்டை குறைவு. ஆட்டுக்கிடை பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பறவைகளும் காலையில் கிடையை எட்டிப் பார்த்துவிட்டு, படை கிளம்பவில்லை என்றால் அடுத்த கிடைக்குப் போய்விடும். அதனால் குறிப்பில் கிடை இருக்கும் இடத்தையும், அது எத்தனையாவது நாள் என்பதையும் எழுத வேண்டும்.

படையின் முன்விளிம்புக்குப் 'படைமுகம்' போதும். அதற்கு நேர் எதிரே நின்றால் எறும்பு காலில் ஏறும், பறவையும் ஒதுங்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, சில மீட்டர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தரையை ஒட்டிய மெல்லிய, நிமிர்ந்த தண்டுகளைப் பாருங்கள். குருவி அதைக் குறுக்காகப் பற்றி நிற்கும், தொப்பென்று இறங்கி இரையைக் கவ்விக்கொண்டு மறுபடி தண்டுக்கே வரும். பெரிய இனங்கள் படைமுகத்தின் நடுவை வைத்துக்கொண்டு சின்னவற்றை ஓரத்துக்குத் தள்ளும். அதனால் நடு, ஓரம் என்று தனித்தனியே எண்ணுவது நல்லது.

இன்னொன்று. பறவை எறும்பை எடுத்து இறகில் தேய்ப்பது வேறு பழக்கம், நம்மூர்ப் பறவைகளிடமும் உண்டு. அதற்கு 'எறும்புக்குளியல்' என்று தனியாகவே போடுங்கள்.