புலியைத் தேடினால் பால் வருகிறது: வாசிப்புச் செயலியில் தமிழ்த் தேடல் எப்படி இருக்க வேண்டும்?

ஏடுகட்டி:
காப்புரிமை முடிந்த தமிழ் நூல்களைக் கைப்பேசியில் படிக்க ஒரு இலவசச் செயலியை நானும் என் இரண்டு நண்பர்களும் உருவாக்கிவருகிறோம். இணைய இணைப்பு இல்லாமலும் இயங்க வேண்டும் என்பதால் நூல்களும் தேடலும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன. எழுத்துரு, இரவு நிறம், பக்கக்குறி எல்லாம் நன்றாக வந்துவிட்டன. தேடல்தான் எங்களைத் தலைகுனிய வைக்கிறது. சென்ற வாரம் என் தம்பி ‘புலி’ என்று தேடினான். ‘பால்’ வந்த வரிகளையெல்லாம் செயலி அவன் முன் கொட்டியது.

அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போது எங்களுக்குள் ஒரு சண்டை. தேடுகிறவர் ல, ள, ழ மாற்றித் தட்டினாலும், ர, ற மாற்றித் தட்டினாலும், ந, ன, ண குழம்பினாலும் தேடல் அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் எடுத்துத் தர வேண்டும் என்பது என் கட்சி. அப்படிச் செய்தால் தேடலே கெட்டுவிடும் என்கிறார் நண்பர். வாசகர்களாகிய நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மெய்ப்பாளர்:
முப்பத்திரண்டு ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். உங்கள் நண்பர் சொல்வதே சரி.

‘அறம்’ என்று தேடுகிறவனுக்கு இரும்பைத் தேய்க்கும் ‘அரம்’ எதற்கு? வலி, வளி, வழி மூன்றும் மூன்று பொருள். கலை, களை, கழை அப்படியே. இந்த எழுத்துகளைப் பிரித்துக் காப்பதற்காகத்தான் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று முறை மெய்ப்புத் திருத்தினோம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஊதியமே இல்லாமல் நூல் நூலாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்த உழைப்பின் மேல் நின்றுகொண்டு, எழுத்து எதுவானாலும் ஒன்றுதான் என்று ஒரு கருவி சொல்லக் கூடாது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. ‘பல்லிக்கூடம்’ என்று தட்டிய பிள்ளைக்கு மறுபேச்சில்லாமல் விடை வந்துவிட்டால், தான் தவறாக எழுதினோம் என்பது அதற்குக் கடைசிவரை தெரியாது. தட்டிய எழுத்தையே தேடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் மட்டும் ‘பள்ளிக்கூடம் என்று தேடவா?’ என்று கேளுங்கள். அதுவே போதும்.

ரொறன்ரோ வாசகி:
ஐயா, உங்கள் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் வழி என் வீட்டில் பலிக்காது.

என் மகளுக்குப் பதினான்கு வயது. கனடாவில் பிறந்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். சனிக்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றாள். ‘பழம்’ என்பதை அவள் ‘பலம்’ என்றுதான் தட்டுவாள். ‘பலம்’ என்பதும் தமிழ்ச் சொல்தானே? தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகாது. வலிமையைப் பற்றிய வரிகள் வந்து குவியும். அவள் தேடிய மாம்பழக் கதை வராது. நீங்கள் சொன்ன ‘என்று தேடவா?’ என்ற கேள்வியும் எழாது. பிழையாக எழுதிய சொல் இன்னொரு சரியான சொல்லாக அமைந்துவிடும்போதுதான் பிள்ளைகள் மிகவும் திண்டாடுகிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். நாங்கள் பொலிஸ், ஒக்டோபர், கோப்பி, ரொறன்ரோ என்று எழுதுவோம். சென்னைப் பதிப்புகளில் போலீஸ், அக்டோபர், காபி, டொராண்டோ என்று இருக்கும். இவற்றில் எது பிழை? எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் காட்டுவேன் என்னும் தேடலில், பாதித் தமிழர் எழுதியது மறுபாதித் தமிழர் கண்ணில் படவே படாது.

சுவடி மாணவி:
நான் முனைவர் பட்டத்துக்காக அற நூல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாள்தோறும் இத்தகைய செயலிகளில்தான் தேடுகிறேன். ல, ள சண்டையில் இறங்கும் முன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எழுத்துப்பிழையே இல்லாமல் தேடுகிறவர்களுக்கும் தமிழில் பாதி விடை கிடைப்பதில்லை.

திருக்குறளில் ‘பண்பு’ என்று தேடிப் பாருங்கள். 997ஆம் குறளின் முடிவு ‘மரம்போல்வர் மக்கட்பண் பில்லா தவர்’ என்று அச்சாகியிருக்கும். பண்பு, இல்லாதவர் என்ற இரண்டு சொற்கள் புணர்ந்து, பிறகு சீர் கணக்குக்காக ‘மக்கட்பண்’, ‘பில்லா’, ‘தவர்’ என்று மூன்று துண்டாகிக் கிடக்கின்றன. பண்பைப் பற்றியே பேசும் குறளில் ‘பண்பு’ என்ற எழுத்துத்தொடர் கிடையாது! முதல் குறளில் ‘எழுத்து’ என்று தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே இருப்பது ‘எழுத்தெல்லாம்’. ‘கசடு’ என்று தேடினால் ‘கசடறக்’ வராது. இந்தச் சொற்கள் எல்லாம் ஏறக்குறைய எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் தேடினால் அகப்படாது.

இதற்கு வழி நன்னூலிலேயே இருக்கிறது: ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’. குற்றியலுகரத்தின் முன் உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் மெய்யை விட்டு ஓடிவிடும். ஆகவே ‘பண்பு’, ‘எழுத்து’, ‘கசடு’ என்று தேடும்போது கடைசி உகரக்குறியை நீக்கிவிட்டு, மீதியில் தொடங்கும் எல்லாவற்றையும் எடுங்கள். செய்யுளுக்கு மட்டும் இடைவெளி நீக்கிய படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘மக்கட்பண்பில்லாதவர்’ என்று சேர்ந்திருக்கும், பண்பு அகப்பட்டுவிடும்.

‘மரம்’ போன்ற சொற்களுக்கு இது போதாது. மகர மெய்யை வெட்டி ‘மர’ என்று தேடினால் மரபும் மரணமும் வந்து விழும். அங்கே வெட்டக் கூடாது, விரிக்க வேண்டும்: மரம், மரமு, மரத்த, மரங்க, மரக்க, மரப்ப என்று. வீடு என்றால் வீட்ட என்பதையும் சேர்க்க வேண்டும். ஆறு என்றால் ஆற்ற. கல் என்றால் கற்சிலைக்காகக் கற் என்பதும், பொன் என்றால் பொற்குடத்துக்காகப் பொற் என்பதும் வேண்டும். பத்து இருபது விதிகளில் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. வினைச்சொற்கள் தனிக்கடல். அதை இப்போது தொட வேண்டாம்.

நெசவு:
நான் நிரலாளன். புலி எப்படிப் பாலாகிறது என்பதை ஏடுகட்டி சொல்லாமல் விட்டுவிட்டார். இது பலரைக் கடித்த குறை என்பதால் விளக்கிவிடுகிறேன்.

கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5இல் வழக்கமாக வரும் சொல்பிரிப்பான், அதாவது வரியைச் சொற்களாக வெட்டும் பகுதி, எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடில் நம் துணைக்கால், கொம்பு, உகரக்குறி, புள்ளி எல்லாம் ‘எழுத்து’ வகையில் இல்லை. ‘குறி’ வகையில் இருக்கின்றன. எனவே அவை ஒவ்வொன்றும் இடைவெளிபோல் சொல்லை வெட்டுகின்றன. புலி என்பது ப, ல என்றாகிறது. பால் என்பதும் ப, ல. இரண்டும் ஒன்று! கல், கலை இரண்டுமே ‘கல’ ஆகிவிடுகின்றன. அமைப்பில் குறி வகைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல இடம் உண்டு. ஒரே வரி மாற்றம். அதைச் செய்யாமல் வெளிவரும் தமிழ்ச் செயலிகளைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

சிலர் இதைத் தவிர்க்க மும்மூன்று குறியீடுகளாக வெட்டும் முறைக்குப் போகிறார்கள். அதில் மூன்றுக்குக் குறைவான குறியீடுள்ள சொல்லைத் தேடவே முடியாது. தீ, பூ, கை, நீ எல்லாம் எழுத்துக்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டிரண்டு குறியீடுகள். தீயும் பூவும் தேட முடியாத செயலியில் கவிதை படிக்கிறவர் என்ன செய்வார்?

மாணவி சொன்ன இடைவெளி நீக்கம் செய்யுளுக்கு அருமை. அதை உரைநடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கூடவே ஏடுகட்டியின் ல, ள மன்னிப்பையும் சேர்த்தால் என்ன ஆகும்? ‘அவர் கல் எடுத்தார்’ என்ற வரி, ‘அவர்கள்’ என்று தேடுகிறவருக்கு வந்து நிற்கும்.

ஆனால் எந்தக் கேள்வியும் இல்லாமல் மன்னிக்க வேண்டியவை சில இருக்கின்றன. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்கமே இதைச் சரிசெய்துவிடும். ‘ஔவை’ என்பதை ஒ, ள என்று தட்டி ‘ஒளவை’ ஆக்கியிருப்பார்கள். இயல்பாக்கம் இதைத் தொடாது, நாம்தான் விதி எழுத வேண்டும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் எண் எட்டு, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’. இவையெல்லாம் கருவியும் விரலும் செய்த பிழைகள். வாசகர் மீது பழி இல்லை.

மெய்ப்பாளர்:
தம்பி நெசவு சொன்ன கடைசிப் பட்டியலை முழு மனத்தோடு ஏற்கிறேன். அதோடு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த குறியோடும், ணா, றா, னா சுழித்த வடிவத்தோடும் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும். வரி முடிவில் சொல்லை இரண்டாக முறித்துக் கோடு போடாமலே அடுத்த வரிக்குக் கொண்டுபோவதும் அந்நாளைய வழக்கம். அந்த முறிவுகளை ஒட்டாமல் தேடலைக் குறைசொல்லிப் பயனில்லை.

ரொறன்ரோ வாசகி அம்மாவுக்கு: பொலிஸ், போலீஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. அது இரண்டு நாட்டு வழக்கு, பிழையன்று. இராமன், ராமன் போலவும் இலண்டன், லண்டன் போலவும் இணைச்சொல் பட்டியல் போட்டு இரண்டையும் ஒன்றாகவே காட்டலாம். ‘பலம்’ எடுத்துக்காட்டுக்கு என்னிடம் உடனே பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் லகரமும் ழகரமும் ஒன்றாகக் கலந்த ஒரே பட்டியலை ஏற்க மாட்டேன். உங்கள் மகளுக்குத் தேவை அந்த வேறுபாடு தெரிவது. கலந்து கொட்டினால் அதுவே அவளுக்கு மறைந்துபோகும்.

ரொறன்ரோ வாசகி:
வேறுபாடு தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, ஐயா. ஆனால் முதலில் அவள் அந்தப் புத்தகத்துக்குள் போக வேண்டுமே! இரண்டு முறை தேடிக் கிடைக்காவிட்டால் ஆங்கிலக் கதைக்குப் போய்விடுகிறாள். நான் இதை வீட்டில் கண்ணால் பார்க்கிறேன். படிக்கப் படிக்கத்தான் எழுத்துத் திருந்தும். எழுத்துத் திருந்திய பிறகு வா என்று வாசலில் நிறுத்தினால் யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

இப்படிச் செய்தால் என்ன? ‘பலம்’ என்று தட்டினால் பலம் வந்த வரிகளே முதலில் வரட்டும். அவற்றுக்கு மேலே, தேடல் பெட்டியை ஒட்டி, ‘பழம்’ என்ற சொல் மட்டும் எத்தனை இடங்களில் வருகிறது என்ற எண்ணிக்கையோடு நிற்கட்டும். தொட்டால் அந்த வரிகள் திறக்கும். சரியான எழுத்து அவள் கண்ணெதிரே இருக்கும், கதையும் கிடைக்கும்.

பேருந்துப் பயணி:
எழுத்து விவாதத்தின் நடுவே ஒரு எளிய வாசகனின் முறையீடு. நான் தினமும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் படிக்கிறேன். நான் பயன்படுத்தும் செயலியில் தேடிவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால், படித்துக்கொண்டிருந்த இடம் தொலைந்துவிடுகிறது. தேடல் முடிவில் ‘பக்கம் 214’ என்று மட்டும் இருக்கிறது. எழுத்தளவைப் பெரிதாக்கினால் அதே வரி வேறு பக்கத்துக்குப் போய்விடுமே, அந்த எண்ணை வைத்து நான் என்ன செய்வது? அத்தியாயத்தின் பெயரையும் சொல் வந்த வரியை முழுமையாகவும் காட்டுங்கள். நான் விட்ட இடத்துக்குத் திரும்ப ஒரு பொத்தான் எப்போதும் திரையில் இருக்கட்டும்.

ஏடுகட்டி:
என் கட்சியை மாற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து தரப்போவதில்லை. ‘அவர் கல் எடுத்தார்’ என்பதை எங்கள் செயலியிலேயே சோதித்துப் பார்த்தேன். நெசவு சொன்னபடியே வந்தது.

குறி வகையைச் சேர்க்கும் ஒரு வரியை நேற்றிரவே மாற்றிவிட்டோம். புலி இனிப் புலியாகவே வருகிறது. அடுத்து ஔகாரம், எண் ஏழு, எண் எட்டு விதிகள். அதன்பின் உகரக்குறி நீக்கமும், செய்யுளுக்கு மட்டும் இடைவெளியில்லாப் படியும். அந்தப் படி கைப்பேசியில் கூடுதல் இடம் பிடிக்கும். ஆனால் எங்களிடமுள்ள செய்யுள் நூல்கள் உரைநடையைவிட மிகச் சிறியவை, தாங்கும். மாற்றுச் சொல்லை எண்ணிக்கையோடு காட்டும்படி ரொறன்ரோ வாசகி அக்கா சொன்ன சொல் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பயணி கேட்ட பொத்தான் எங்களிடமும் இல்லை. சேர்த்துவிடுகிறோம்.

சுவடி மாணவியிடம் ஒரு வேண்டுகோள்: மரம், வீடு, ஆறு போன்ற விரிவு விதிகளை எழுதித் தர முடியுமா? ஸ்னோபால் என்னும் திறந்தமூல நிரலில் தமிழ் விகுதி நீக்கும் விதிகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமே 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது வெட்டும் முறை. நீங்கள் சொன்ன விரிக்கும் முறையை முதலில் முயல நினைக்கிறேன்.

சுவடி மாணவி:
ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்ச்சொல் விதிகளை அனுப்புகிறேன். ஒவ்வொரு விதிக்கும், அது தவறாக இழுத்துவரக்கூடிய ஐந்து சொற்களையும் சேர்த்தே எழுதுகிறேன். சோதிக்க உதவும்.

மெய்ப்பாளர்:
அந்தச் சொல் வரிசை முடிவுகளுக்கு மேலே வேண்டாம், கீழே இருக்கட்டும் என்பதே இப்போதும் என் கருத்து. ‘அறம்’ தேடுகிற ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் ‘அரம்’ முகத்தில் விழிக்க வேண்டாம். விதிகள் வந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

ரொறன்ரோ வாசகி:
கீழே வைத்தால் என் மகள் அதுவரை திரையை நகர்த்த மாட்டாள், ஐயா. இதை ஏடுகட்டி இரண்டு விதமாகவும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கட்டும். என் மகளையும் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளையும் உட்கார வைக்கிறேன். இணைச்சொல் பட்டியலுக்கு முதல் தவணை: பொலிஸ் – போலீஸ், ஒக்டோபர் – அக்டோபர், கோப்பி – காபி, டொக்டர் – டாக்டர், ரொறன்ரோ – டொராண்டோ. மீதியை என் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.