மகள் ஃபிட்டர் படிக்க ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா?

செல்வி_ஓசூர்:
வணக்கம். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள். அரசு ஐடிஐயில் இயந்திர பாகங்களை ராவிப் பொருத்தும் ஃபிட்டர் தொழிலில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு அரம் பிடிக்கிற வேலையா?" என்கிறார் அவள் அப்பா. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி அசெம்பிளி லைனுக்குப் போய்விட்டார்கள், கையில் உடனே சம்பளம். நான் தையல் வேலை செய்கிறேன். இரண்டு வருஷம் சமாளித்துவிடுவேன், ஆனால் அது வீணாகிவிடக் கூடாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முருகன்_78:
பிளஸ் டூ படிக்க வையுங்கள் அக்கா. ஐடிஐ போனால் இன்ஜினியரிங் போக வழி அடைபட்டுவிடும்.

டூல்ரூம்_மீனா:
அடைபடாது அண்ணா. இரண்டு வருஷ ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. நான் அப்படித்தான் டிப்ளமோ முடித்தேன்.

செல்வி அக்கா, நான் 2004இல் ஃபிட்டர் சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். முதல் மாதம் முழுக்க ஒரு இரும்புத் துண்டை வைஸ் என்ற பிடிப்பானில் மாட்டி அரத்தால் ராவிக்கொண்டே இருந்தோம். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ராவிய பக்கத்தில் ட்ரை ஸ்கொயரை, அதாவது செங்கோண மட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார் சார். இடையில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் திரும்ப ராவ வேண்டும். ஒரு நாள் கீற்று தெரியவில்லை. அந்தத் துண்டு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. இப்போது டை (அச்சு) வேலையில் 0.01 மி.மீ. துல்லியத்துக்கு நிற்கும் கை அங்கே வந்ததுதான்.

லைன் வேலையைக் குறை சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் நாள் முழுக்க ஒரே திருகை முடுக்கும் பெண்ணுக்கு, ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த கம்பெனியில் காட்ட என்ன இருக்கும்?

செலவுக்குப் பயப்படாதீர்கள். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். சேரும் முன் ஒர்க்‌ஷாப்பை நேரில் போய்ப் பாருங்கள். லேத் என்ற கடைசல் மெஷினுக்கு அடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்தால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். துணி போட்டு மூடி வைத்திருந்தால் வேறு ஐடிஐ பாருங்கள்.

செல்வி_ஓசூர்:
நேற்று மூன்று பேரும் போனோம். சீவல் கிடந்தது மீனா! அவள் அப்பா ஒன்றைக் கையில் எடுத்துச் சூடு ஆறும்வரை உருட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அவரே கேட்டார். முடித்த பிறகு கம்பெனிக்கு அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) போகச் சொல்கிறார்களே, அது எப்படி?

டூல்ரூம்_மீனா:
ரொம்ப சந்தோஷம் அக்கா. அப்ரண்டிஸ் கட்டாயம் போகட்டும், ஆனால் ஒப்பந்தத்தில் டிரேடு (தொழிற்பிரிவு) ஃபிட்டர் என்று இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். என்னை ஒரு கம்பெனியில் ஆறு மாதம் பேக்கிங்கில் நிறுத்தினார்கள், கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டேன். அப்புறம், கடைசியில் தேர்வு எழுதி தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்காமல் வரக் கூடாது. இப்போதைக்கு சாதிச் சான்றிதழையும் டிசியையும் எடுத்து வையுங்கள்.