புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் தடுப்புப் பெட்டியில் மணலுக்குப் பதில் ரப்பர்

ஏர் ரைஃபிளில் சுடும் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டு) பிடித்து நிறுத்தும் பெட்டிக்கு முன்பு சொன்னது 45 செ.மீ. சதுரம், 15 செ.மீ. ஆழத்தில் 12 மி.மீ. ப்ளைவுட் பெட்டி, உள்ளே மணல். முகப்பு அட்டை ஓட்டையானதும் மணல் கொட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மணலை எடுத்துவிட்டு ரப்பர் துருவல் போடுங்கள். பழைய டயரில் வெட்டியதானால் கம்பி இல்லாததாகப் பொறுக்க வேண்டும்; கம்பியில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

பின்பலகையின் உட்புறம் 3 மி.மீ. இரும்புத் தகடு கட்டாயம். முகப்புக்கு அட்டைதான், கெட்டி ரப்பர் ஷீட் வைத்தால் வேகம் குறைந்த பெல்லட் துள்ளித் திரும்பும். துருவல் நாளாக ஆகக் கீழே படிந்து மேலே வெற்றிடம் விடும், அங்கே பட்டது நேரே தகட்டில் மோதும். அதனால் மேல்பலகையைத் திறக்கும்படி வைத்து அவ்வப்போது நிரப்புங்கள். ஒரே இடம் ஓட்டையாகாதபடி, முகப்பில் ஒட்டும் குறித்தாளையும் (இலக்குத் தாள்) இடம் மாற்றி ஒட்டுங்கள்.

இது குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட, 0.177 அங்குலக் குழல் விட்டமுள்ள ரைஃபிளில் ஈய பெல்லட்டுக்கான கணக்கு. இரும்பு பிபி குண்டு (சிறு உருண்டைக் குண்டு) வேண்டவே வேண்டாம். குறி தவறினால் தாங்க, பெட்டிக்குப் பின்னால் ஆளுயரச் செங்கல் சுவர் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள். துருவலில் தங்கிய ஈயத்தைச் சலித்தெடுத்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.