பழி மழைக்கு, வேலை ஸ்பைவேருடையது

கோத்தகிரியிலிருந்து:

மலையில் கம்ப்யூட்டர் மெதுவானால் முதல் பழி மழைக்கு, அடுத்தது டவருக்கு. அரவேனுவில் சித்தி வீட்டில் இப்படியே மாசக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். நான் போன நாளில் மழையே இல்லை. தை மாசக் குளிர், எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருக்கிறோம், சிபியூ ஃபேன் மட்டும் மேட்டுப்பாளையத்துச் சித்திரை வெயிலில் மாட்டிக்கொண்டது போல இரைகிறது. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு வெறும் நோட்பேடைத் திறந்தேன், அதற்கும் திணறியது. லைன் கோளாறாக இருந்தால் நோட்பேடு ஏன் திணற வேண்டும்? டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல் மேலே நிற்கிறது. அந்த வீட்டில் பவர்ஷெல் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கூடக் கிடையாது.

தங்கச்சி குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாள். தமிழ் டைப்பிங் பழக பாமினி எழுத்துரு தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறாள். பக்கம் முழுக்கப் பச்சைப் பச்சையாக டவுன்லோட் பட்டன்கள், அதில் எது பெரியதோ அதுதான் விளம்பரம். எழுத்துரு என்றால் டிடிஎஃப் கோப்பாகவோ ஜிப்பாகவோ வரும், இவளுக்கு வந்தது இஎக்ஸ்இ, அதாவது திறந்ததும் ஓடும் மென்பொருள். எழுத்துருவும் உள்ளே இருந்ததுதான் சாமர்த்தியம், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கூகுளில் எதைத் தேடினாலும் பேர் தெரியாத வேறொரு தேடுபொறிப் பக்கம் திறந்தது, அதையும் கூகுளின் புது டிசைன் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

குரோம் மெனுவைத் திறந்தால் கீழே, ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’. இதைப் படித்துக் காட்டியதும் சித்தி, “எந்த நிறுவனம்டா? நமக்கு இருக்கிறது அரை ஏக்கர் தேயிலை, அதுக்கும் பச்சைத் தேயிலை விலை கட்டுபடி ஆகலை” என்றார். சிரித்தாலும் விஷயம் அதுதான். ஆபீஸ் கணினிகளில் நிர்வாகி கட்டுப்பாடு வைப்பதற்காக உள்ள பாலிசி என்ற வசதியை, நமக்குத் தெரியாமல் புகுந்து வேவு பார்க்கும் இந்த ஸ்பைவேர் கைப்பற்றிக்கொள்கிறது. அந்த வழியாக ஒரு எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருளை, செருகிவிட்டால், எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ‘நீக்கு’ பட்டன் வேலை செய்யாது. வீட்டுக் கணினியில் அந்த வரி இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் பாலிசி எழுதும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று உள்ளே போய் அந்தச் சாவியை அழித்தேன், எக்ஸ்டென்ஷனும் போனது. மறுநாள் காலையில் தங்கச்சி போன் பண்ணுகிறாள், “அண்ணா, திரும்ப வந்துடுச்சு.” வராமல் என்ன செய்யும்! வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், விண்டோஸ் அப்டேட் மாதிரியே பேர் வைத்துக்கொண்டு ஒரு வேலை உட்கார்ந்திருந்தது. யாராவது லாகின் செய்யும்போதெல்லாம் அது ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டும், ஸ்கிரிப்ட் பாலிசியை மறுபடி எழுதும், பாலிசி எக்ஸ்டென்ஷனைக் கூட்டி வரும். நாம் கிளையை வெட்டிக்கொண்டே இருக்கலாம், வேர் ஷெட்யூலரில். அதனால் முதலில் நெட்டைத் துண்டித்து, ஷெட்யூலரில் உள்ளதை நீக்கி, அது காட்டும் ஸ்கிரிப்ட் கோப்பை அழித்து, அப்புறம் ரெஜிஸ்ட்ரி, கடைசியாக எக்ஸ்டென்ஷன். இந்த வரிசை மாறினால் பட்ட பாடு வீண். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானின் பிராப்பர்ட்டீஸையும் பாருங்கள், டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதுவும் இவர்கள் வேலைதான்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டில் ரீசன்லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதே முறையில், போலி டவுன்லோட் பக்கங்கள் வழியாக, குறைந்தது 3 லட்சம் பேரின் குரோமிலும் எட்ஜிலும் எக்ஸ்டென்ஷன் திணிக்கப்பட்டதைச் சொன்னது. விஎல்சி பிளேயர் பெயரில்கூடப் போலிப் பக்கம் இருந்தது.

சுத்தம் செய்த பிறகு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினேன். விண்டோஸ் முழுசாக எழும்புவதற்கு முன்பே ஓடுவதால், ஒளிந்துகொள்ளும் ரகங்களுக்கு இதில் தப்பிக்க இடம் குறைவு. கால் மணி நேர வேலைதான், ஆனால் நம்மூர் கரண்டை நம்பி யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். எனக்குப் பாதியிலே கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, எங்கள் கதை நேர்மாறு. ஸ்பைவேரே இல்லை, ஆனால் செலவு மட்டும் ஆனது. நாயுடுபுரம் பக்கம் காட்டேஜ் நடத்துகிறோம். 2024 மே 7 முதல் இங்கேயும் ஊட்டிக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதா, கெஸ்டுகளில் பாதிப் பேர் வத்தலக்குண்டு தாண்டிய பிறகுதான் போன் செய்து “நீங்களே எடுத்துக் கொடுங்க” என்பார்கள். ரிசப்ஷன் பையன் அவசரத்தில் தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்தவும்’ என்றதும் அழுத்திவிட்டான். அன்று சாயங்காலத்திலிருந்து திரையின் வலது மூலையில், ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று சிவப்பு சிவப்பாகக் குதிக்க ஆரம்பித்தது. பெயர் பெற்ற ஆன்டிவைரஸ் லோகோ வேறு.

ஒரு கடையில் காட்டினோம், “வைரஸ் முத்திடுச்சு, ஃபார்மேட்தான்” என்று பணம் வாங்கிக்கொண்டார்கள். புக்கிங் கணக்கு எக்செல் எல்லாம் போச்சு. ஃபார்மேட் செய்த பிறகு பையன் அதே பக்கத்தில் மறுபடி அனுமதியை அழுத்த, கொஞ்ச நேரத்தில் அதே சிவப்புப் பெட்டி! அப்புறம் மதுரையில் படிக்கும் தம்பி போனிலேயே சொன்னான்: குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற பட்டியலில் அந்தத் தளம் இருந்தது, தூக்கியதும் அடங்கிவிட்டது. வெறும் விளம்பர அறிவிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த நம்பருக்கு யாராவது கூப்பிட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். நம் கணினியைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்வார்கள். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் ஸ்பைவேர். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை, நம்பர் இருந்தால் அது போலி. பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

கூடலூரிலிருந்து:

மேலே இரண்டு பேருக்கும் ஏதாவது அறிகுறி தெரிந்திருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள். எங்கள் வீட்டில் ஒன்றுமே தெரியவில்லை. பையன் கேம் கிராக் ஒன்றை, அதாவது காசு கொடுக்காமல் ஆட உடைத்த கேமை, இறக்கியிருக்கிறான். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு, கூடவே ‘முதலில் டிஃபெண்டரை அணைக்கவும்’ என்று ஒரு குறிப்பு. வீட்டுக்குள் வருகிறவன் முதலில் நாயைக் கட்டச் சொன்னால் நாம் கேட்க மாட்டோமா! கேம் ஓடவில்லை, அவனும் மறந்துவிட்டான். ரெண்டு நாள் கழித்து அவனுடைய இன்ஸ்டாவில் கிரிப்டோ விளம்பரம், நாடுகாணியில் உள்ள மாமாவுக்கெல்லாம் முதலீடு செய்யச் சொல்லி மெசேஜ்.

ஸ்கேன் செய்தால் எதுவும் இல்லை. இந்த ரகத்துக்கு ஸ்டீலர் என்று பேர். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளி அனுப்பிவிட்டு, பல சமயம் தடமே இல்லாமல் போய்விடும். 2025 மே மாசம் லும்மா என்ற ஸ்டீலரின் சுமார் 2,300 டொமைன்களை (இணைய முகவரிகளை) மைக்ரோசாஃப்டும் மற்றவர்களும் சேர்ந்து முடக்கினார்கள், அந்த ஒரு ரகம் மட்டும் இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் இருந்ததாம்.

பாஸ்வேர்டை மாற்றினோம், அப்புறமும் திருடன் உள்ளே வந்துகொண்டிருந்தான். காரணம் குக்கீ. ஏற்கெனவே லாகின் ஆன அனுமதிச் சீட்டு அவன் கையில் இருக்கும்போது, பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்கள், ஓடிபியும் கேட்க மாட்டார்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற பட்டனை அழுத்திய பிறகுதான் நின்றது. இதையெல்லாம் வேறு போனிலிருந்து செய்யுங்கள், அந்தக் கணினியிலேயே புது பாஸ்வேர்டை அடித்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பது போலாகிவிடலாம். இமெயிலில் ஆரம்பியுங்கள், அப்புறம் பேங்க், மற்றது பிறகு.

இப்போது என் கேள்வி: ஃபார்மேட் செய்யணுமா, வேண்டாமா?

கோத்தகிரியிலிருந்து:

சார், உங்களுக்குச் செய்தே ஆகணும். சித்தி வீட்டில் எது எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்து எடுத்தேன், அதனால் விட்டுவிட்டேன். கொடைக்கானல் அக்காவுக்குத் தேவையே இல்லை. உங்களுடையதில் அந்த ஸ்டீலர் தன்னோடு இன்னும் எதையாவது இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறதா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

விண்டோஸ் ரீசெட்டில், நெட்டிலிருந்தே விண்டோஸை இறக்கும் கிளவுட் டவுன்லோட் என்று ஒரு வழி காட்டும், அது 4 ஜிபி வரை இழுக்கும், கூடலூர் ஆடி மழையில் அதைத் தொடங்கினால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். வேறு நல்ல கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொண்டு வந்து போடுங்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றே வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, பழைய பெட்டி 11ஐ ஏற்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பேக்கப் எடுக்கும்போது போட்டோ, டாக்குமென்ட் மட்டும் போதும். பையனுடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே விட்டுவிடுங்கள், அவன் எவ்வளவு கெஞ்சினாலும்.