வேகம் குறைந்தால் காற்றுத்தடையும் குறைய வேண்டாமா?

கேள்வி:
வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அப்படியெனில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு தரையிறங்க வரும் விமானத்தின் என்ஜின் ஓசை, ஓடுபாதையை நெருங்கும் நேரத்தில் ஏன் மீண்டும் கூடுகிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தாங்கள் படித்தது சரியே. ஆனால் அது தடையின் ஒரு பகுதி மட்டுமே. இறக்கைக்குக் கீழே அழுத்தம் மிகுந்தும் மேலே குறைந்தும் இருப்பதால், கீழுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாக மாறுகிறது. அந்தச் சுழலுக்குச் செலவாகும் ஆற்றலே தூண்டப்பட்ட இழுவையாக விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்குவதற்கு இறக்கை காற்றை இன்னும் சாய்வாக எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், வேகம் பாதியானால் இவ்வகை இழுவை நான்கு மடங்காகிறது. ஈரமான காலை வேளையில் இறக்கையின் ஓரத்திலிருந்து வெண்ணூல் போல ஒன்று நீள்வதைச் சன்னலோரம் அமர்ந்தவர்கள் கண்டிருக்கலாம். சுழலின் நடுவே அழுத்தமும் வெப்பநிலையும் தாழ்ந்து, நீராவி நுண்துளிகளாவதுதான் அது.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன், இறக்கிய சக்கரங்களையும் நீட்டிய ஃபிளாப்புகளையும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி நீளும் பலகைகள்) சேர்த்துக்கொள்ள வேண்டும். தாங்கள் கேட்ட ஓசைக்கு இவையே உடனடிக் காரணம் என்பது என் கருத்து. இவை கூட்டும் தடையை ஈடுசெய்து சீரான சரிவில் இறங்க, என்ஜின் கூடுதல் உந்துவிசை தந்தாக வேண்டும்.

மறுமொழி 3:
நுனிச் சுழலைத் தணிக்கத்தான் இன்றைய பல விமானங்களின் இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் 1970களில் இதை ஆராய்ந்து வடிவமைத்தார். பின்னர் அமெரிக்க வான்படையின் எரிபொருள் நிரப்பும் விமானமான கேசி-135இல் பொருத்திப் பறந்து சோதித்தபோது, எரிபொருள் சிக்கனம் 6 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது.