எக்ஸ்இ ஆக்கியதும் படகு நிற்கவில்லை

மஞ்சக்குப்பம்:
1997, கடலூர், பள்ளிக் கண்காட்சி. க்யூபேசிக்கில், அதாவது நிரலை ஓடும்போதே படித்து நிறைவேற்றும் பேசிக் மொழி இன்டர்பிரெட்டரில், ஒரு படகு வரைந்து கெடிலம் ஆற்றில் இடமிருந்து வலமாக ஓட விட்டிருந்தேன். நிதானமாகப் போக வேண்டுமே என்று ஒவ்வொரு நகர்வுக்கும் நடுவில் 1 முதல் 5000 வரை எண்ணும் வெற்று ஃபார் லூப். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு அண்ணன், "குவிக்பேசிக் 4.5-ல் எக்ஸ்இ ஆக்கித் தரேன், எந்த மெஷின்லயும் ஓடும்" என்றார். அது கம்பைலர், நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றித் தனியாக ஓடும் எக்ஸ்இ ஃபைலாக்கும். ஃப்ளாப்பியை வாங்கி நேராகப் பள்ளிக்குப் போய்விட்டேன். அப்பா பக்கத்தில் நிற்கிறார். என்டர் தட்டினேன். ஏதோ மின்னியது, அவ்வளவுதான், படகு வலது ஓரத்தில் நிற்கிறது. அப்பா கேட்டார்: "எப்படா கிளம்பும்?"

எக்ஸ்இ-யில் அந்த லூப் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. 5000-ஐ 50000 ஆக்கலாம் என்றால் ஃப்ளாப்பியில் எக்ஸ்இ மட்டும்தான், அதைத் திருத்த முடியாது.

லாஸ்பேட்டை டீச்சர்:
என் வகுப்பில் ஒரு பெண், பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்சில் பகா எண்களைத் தேடப் போய், பட்டியல் நகரவே இல்லை என்று கண் கலங்கிவிட்டாள். அதே ஃபைலை ஸ்க்ராட்சின் வேகமான வடிவமான டர்போவார்ப்பில் திறந்தேன், அது பிளாக்குகளை ஜாவாஸ்கிரிப்டாகக் கம்பைல் செய்து ஓட்டும். எண்கள் கடகடவென்று வந்து விழுந்தன. "அப்போ நான் எழுதினது தப்பில்லையா டீச்சர்?" என்றாள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. இருந்தாலும் கற்கிற பிள்ளைகளுக்கு இன்டர்பிரெட்டர்தான் சரி, பேசிக் பிறந்ததே அப்படித்தானே.

திருப்பாதிரிப்புலியூர்:
இல்லை டீச்சர். 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் கொண்டுவந்த பேசிக் கம்பைலர்தான். ரன் என்று அடித்தால் முழு நிரலையும் மாற்றி உடனே ஓட்டிவிடும், மாணவனுக்கு நடுவில் ஒரு படி இருப்பதே தெரியாது. சில கிலோபைட் நினைவகம் மட்டுமே இருந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்த பிறகுதான் இன்டர்பிரெட்டர் பரவியது. நானும் ஒரு வினாடி வினா நிரலில் இப்படியே மாட்டினேன், கேள்வியைப் படிப்பதற்குள் விடை வந்துவிட்டது. படகுக்காரரே, வெற்று லூப்பை நம்பவே நம்பாதீர்கள். பேசிக்கின் டைமர் ஃபங்ஷன் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆனது என்று சொல்லும். அதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு 0.1 விநாடி கூடும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், இன்டர்பிரெட்டரோ கம்பைலரோ, பழைய மெஷினோ புதுசோ, ஒரே வேகம்தான். நள்ளிரவில் அது பூஜ்யத்துக்குத் திரும்பும், அதற்கும் ஒரு இஃப் நிபந்தனை போட்டுவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்:
சரிங்க. ஆனால் டைமர் அன்றைக்கே தெரிந்திருந்தாலும் எதில் போய் எழுதியிருப்பேன்? நான் எழுதிய மூல நிரலான பிஏஎஸ் ஃபைல் சென்டரில் அல்லவா இருந்தது.