புதுப்பிப்பு: மாற்றிய ரியூபும் காற்றுப் போனதன் காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: திருகோணமலை நிலாவெளி வீதியில் நடந்த சைக்கிள் போட்டியில், சாம்பல்தீவுப் பக்கம் பின் ரயர் காற்றுப் போனது. புது ரியூப் போட்டும் 2 கிலோமீற்றருக்குள் மறுபடி இறங்கிவிட்டது, ஏன் என்று.

"ஒரு துளையா, பக்கத்தில் பக்கத்தில் இரண்டா?" என்று ஓர் அண்ணா கேட்டார். அந்தக் கேள்விதான் வழி காட்டியது. இரண்டு என்றால், பெரும்பாலும் குழியில் இடித்து ரியூப் றிம்மில் (சக்கரத்தின் உலோக வளையத்தில்) நசுங்கியிருக்கும். என்னுடைய இரண்டு ரியூபிலும் ஒரே ஒரு துளை, அதுவும் வால்விலிருந்து ஒரே தூரத்தில். அப்படியென்றால் ரயரிலேயே ஏதோ குத்திக்கொண்டிருக்க வேண்டும். சரி என்று ரயரின் உட்புறத்தை அந்த இடத்தில் துணியால் துடைத்தேன். துணி சிக்கியது. மயிரிழை அளவு கம்பித் துண்டு! வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

இப்போது ரயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்தே மாட்டுகிறேன். ரியூபில் துளையைக் கண்டால், ரயரில் தேட வேண்டிய இடமும் உடனே தெரியும். அப்புறம், புது ரியூபுக்குக் கொஞ்சம் காற்று அடித்துவிட்டு உள்ளே வைத்தால் மடிந்து நசுங்காது.

நேற்று உப்புவெளி வரை போய் வந்தேன். காற்று அப்படியே நிற்கிறது. அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி.